சாக்குக்கு இரண்டு கிலோ

பத்துக் கிலோ குறைந்தால்தான் உங்கள் சிறுநீரகத்தை எடுக்க முடியும் என்று டொக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சின்ன அறை அது. பக்கத்தில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்குத்தான் அந்தச் சிறுநீரகம். இரத்தப் பிரிவு பொருந்திவிட்டது, மற்றச் சோதனைகளிலும் குறை இல்லை, நிறை மட்டும்தான் இடித்தது. என் உயரத்துக்கு எண்பத்து நான்கு கிலோ மிக அதிகமாம். எழுபத்து நான்குக்குக் கீழே இறங்கி வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார். "அவ்வளவுதானே டொக்டர், நாலு மாசத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவிசாவளை தாண்டும்வரை தம்பி விரல் மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு, "பத்துக் கிலோன்னா கடையில விக்கிற ஒரு முழு அரிசிப் பை அக்கா" என்றான். "தெரியும்டா, நானும் அரிசி வாங்குறவதான்" என்றேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் குருவிட்டைக்கு மேலே மலைக்குள் இருக்கிறது. தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். குருவிட்டை டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு சிறுநீரகமும் போன பிறகு வாரத்தில் இரண்டு நாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வெளுத்துப்போய்த் திரும்புவான். அவன் பெண்சாதியின் இரத்தப் பிரிவு பொருந்தவில்லை. கூடப் பிறந்தது நான் ஒருத்திதான். நான் கொடுக்கிறேன் என்று சொன்னதற்கு எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், என்னைச் சாமியாக்கப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் இரண்டு பிரசவத்துக்கும் கொட்டுகிற மழையில், மண் சரிந்த ரோட்டில் ஆட்டோவை உருட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் அவன். அப்போது அவனை யாரும் சாமி என்று கும்பிடவில்லை.

எண்பத்து நான்கு கிலோ எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. பதினான்கு வருடம் கொழுந்து பறித்தேன். பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தேன். கால் நடக்கிறதை நிறுத்தியது, வயிறு தின்கிறதை நிறுத்தவில்லை. மலையில் ஏறி இறங்கியவளுக்குப் போட்ட அதே சோற்றை, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் போட்டேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை.

என் புருசனுக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. நான் சிறுநீரகம் கொடுக்கப்போகிறேன் என்றதும் ஒரு வாரம் அவர் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து தின்றார். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு, பொலவுக்குப் போய் மரக்கறியோடு ஒரு கண்ணாடித் தராசும் வாங்கி வந்தார். ஏறி நின்றால் நம்பர் காட்டுமே, அது. "நிறுத்துப் பாத்துச் செய்" என்று சொல்லி என் முன்னால் வைத்தார். அவருடைய சம்மதம் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் மாதம் போனில் காட்டிய உடற்பயிற்சியை எல்லாம் செய்து பார்த்தேன். அந்த வீடியோக்களில் வருகிற பெண்களுக்குக் கல்யாண மண்டபம் மாதிரி வீடு இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே அறை, ஒரு காம்பரா. கயிறு சுற்றிக் குதிக்கப் போய், இரண்டாவது சுற்றிலேயே பல்ப் உடைந்தது. கயிறு இல்லாமல் குதித்தால் பக்கத்துக் காம்பராவில் தட்டு விழுந்தது. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று, "நீ எளைக்கிறதுக்குள்ள என் சட்டிபானை எல்லாம் போயிரும் போல இருக்கே" என்றார். அதோடு குதிக்கிறதை விட்டேன். பெரிய சோடாப் போத்தல் இரண்டில் மணலை நிரப்பித் தூக்கினேன். இரத்தினபுரியில் வாங்கிய ரப்பர் பட்டி ஒன்றைக் கதவு நிலையில் கட்டி இழுத்தேன். கதவு நிலை கறையான் அரித்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா இன்னும் மலைக்குப் போகிறவர். அவரும் நானும் சேர்ந்து கலோரி கணக்குப் பார்க்கிற ஆப் ஒன்றைப் போனில் இறக்கினோம். தமிழிலேயே இருந்தது. அன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் காட்டியது. அதில் "தோட்ட வேலை" என்று இருந்ததைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை. நம்மையும் மதித்துப் போட்டிருக்கிறானே என்று அக்காவின் எட்டு மணி நேரத்தை அதில் போட்டேன். வந்த கலோரி, வீடு கூட்டுகிறதைவிடக் கொஞ்சம்தான் கூட. என்ன இது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தொப்பி போட்ட ஒரு பெண் பூவாளியால் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் ஊரில் தோட்டம் என்றால் வீட்டுக்கு முன்னால் இருக்கிற பூந்தோட்டமாம். "அந்தம்மாவ ஒரு நாளைக்கு நம்ம மலைக்கு வரச் சொல்லு. அட்டை கடிச்சி ஓடுறாளா இல்லையான்னு பாப்போம்" என்றார் அக்கா. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆப்பை அன்றைக்கே அழித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த வழிக்கே வந்தேன். லயத்திலிருந்து மேலே கோயிலுக்கு நூற்றுப் பதினெட்டுப் படி. காலையில் மூன்று தரம் ஏறி இறங்கினேன், பின்னேரம் மூன்று தரம். மழை என்றும் பார்க்கவில்லை, காலில் அட்டை ஏறுவதையும் பார்க்கவில்லை. மூன்று வாரம் ஒரு நாள் விடவில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் வலது முழங்கால் பலாக்கொட்டையை உள்ளே வைத்துத் தைத்தது போல் வீங்கி, கோயில் வேண்டாம், வாசற்படியே இறங்க முடியவில்லை. கிளினிக்கில் இருந்த சிங்கள நர்ஸ் மிஸ் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, வாரத்தில் எத்தனை நாள் ஏறுகிறாய் என்று கேட்டார். எல்லா நாளும் என்று கெத்தாகச் சொன்னேன். "இரிதாட்ட நிவாடு நேத, நங்கி?" என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லையா தங்கச்சி என்கிறார். கொழுந்து பறிக்கிறபோது ஞாயிறு தோறும் படுத்துக் கிடந்தவள் நான். சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு மட்டும் லீவு போடாமல் உழைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் காலை நீட்டி வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் படி, மறுநாள் போத்தல், ஞாயிறு ஓய்வு என்று வைத்துக்கொண்டேன். சீனியை நிறுத்தினேன். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரையையும் பருப்பையும் வைத்தேன். குறைந்தது பெரும்பாலும் அதனால்தான். படி ஏறி எரிக்கிற கலோரியை பேக்கரியில் வாங்குகிற ஒரு பணிஸ் இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். நான் இளைப்பதைப் பார்த்து லயத்துப் பெண்களும் பின்னேரங்களில் படிக்கு வந்தார்கள். வந்த கையோடு கேள்வியும் வந்தது. வேர்த்தால் கொழுப்பு கரையுமா? கரையாது, அது வெறும் தண்ணீர், ஒரு செம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். வயிறு மட்டும் குறைய என்ன செய்ய? ஒன்றும் செய்ய முடியாது, எங்கேயிருந்து எடுப்பது என்பது உடம்பின் இஷ்டம். எனக்கு முதலில் வற்றியது முகம், வயிறு கடைசிவரை அடம்பிடித்தது. மறுநாள் உடம்பு வலித்தால் நல்லதா? கொஞ்சம் வலித்தால் நல்லது, உட்கார எழும்ப முடியாவிட்டால் அதிகம். பெரிய டொக்டர் மாதிரிதான் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சிக்கல் நிறை பார்ப்பதில் வந்தது. புருசன் வாங்கி வந்த கண்ணாடித் தராசு எங்கள் காம்பராவின் மேடு பள்ளமான சிமெண்டுத் தரையில் வாசலில் ஒரு நிறை காட்டியது, அடுப்படியில் ஒரு நிறை, கட்டில் பக்கத்தில் இன்னொரு நிறை. ஒரே காலையில் நான்கு கிலோ வித்தியாசம். தம்பியின் உயிர் தொங்குகிற கணக்கை இதை நம்பி எப்படிப் பார்ப்பது? தோட்டத்தில் நம்பகமான தராசு ஒன்றுதான், கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், மடுவத்தில், உத்தரத்தில் தொங்குகிறது. மூன்றாம் மாதம் அங்கே போனேன்.

அந்தத் தராசைப் பிடிக்கிற கணக்கப்பிள்ளை ஐயாவும் நானும் பழைய எதிரிகள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார், மழை நாளில் தண்ணீருக்கு என்று இன்னும் கழிப்பார். நம்பர் தெரிகிற பக்கம் அவரைப் பார்த்துத்தான் இருக்கும். பதினான்கு வருடமும் அவரிடம், "ஐயா, நம்பர இந்தப் பக்கம் காட்டுங்க" என்று சண்டை பிடித்தவள் நான் ஒருத்தி. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது நான் எட்டிப் பார்ப்பேன். அதற்காகவே எனக்கு வாயாடி என்று பெயர்.

விசயத்தைச் சொன்னதும் மனுசன் உருகிப்போனார். "தம்பிக்காகன்னு சொன்னா வேற பேச்சே இல்ல, வா புள்ள" என்று கொக்கியில் ஒரு கம்பைக் கட்டினார். நான் கம்பை இரண்டு கையாலும் பிடித்து முழங்காலை மடித்துத் தொங்கினேன். சாக்கோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "எழுபத்தேழு" என்றார் ஐயா. மூன்று மாதத்தில் ஏழு கிலோ. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் கொழும்புக்குப் போவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் மறுபடியும் போய்த் தொங்கினேன். "எழுபத்து மூணு" என்றார். தம்பிக்குப் போன் போட்டு, "துணிமணி எடுத்து வையிடா" என்றேன்.

கொழும்பில் நர்ஸ் என்னைத் தராசில் ஏற்றினார். எழுபத்தைந்து என்று காட்டியது. உங்கள் தராசு பிழை என்று அவரிடம் சொன்னேன். மெதுவாகச் சொல்லவும் இல்லை. அவர் கோபிக்காமல் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வேறு தராசில் ஏற்றினார். அதுவும் எழுபத்தைந்துதான். டொக்டர் தாளைப் பார்த்து, நன்றாகத்தான் குறைத்திருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம்தான், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று திகதி எழுதினார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்த வாங்கில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கிலோ. அது எந்த இரண்டு கிலோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பியிடம் தராசில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் நேரே மடுவத்துக்குத்தான் போனேன். அந்தி நிறுவை முடிந்து ஐயா புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் தொங்குனப்ப என்னா நம்பர் காட்டுச்சி?"

"எழுபத்து மூணுன்னு சொன்னேனே புள்ள."

"நீங்க சொன்னது தெரியும். அது காட்டுனது என்னா?"

அவர் தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "எழுபத்தஞ்சு" என்றார். "வாய் தானா கழிச்சிருச்சி. முப்பது வருசப் பழக்கம் புள்ள. சத்தியமா நான் நெனைச்சி செய்யல."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன், திட்டவும் செய்தேன். எங்கே சாக்கு, நான்தான் சாக்கா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஆனால் வீட்டுக்கு இறங்கி வருகிற வழியில் என்னைத் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் நானே திட்டிக்கொண்டேன். ஒரு கிலோ கொழுந்துக்காகக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தவள், இந்த இரண்டு தரமும் ஏன் பார்க்கவில்லை? அன்றைக்கு அவர் கழித்தால் எனக்கு நட்டம். இப்போது அவர் சொன்ன நம்பர் எனக்கு இனித்தது. அதனால்தான் பார்க்கவில்லை. இதை வேறு எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் பொய்.

அந்த மாதத்தின் இரண்டாம் வாரம் தம்பிக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு விட முடியாமல் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்று மூச்சு வாங்கினான். நான் வார்டுக்கு வெளியே நின்று அழுதேன். நான் அந்த நம்பரை ஒழுங்காகப் பார்த்திருந்தால் பணிஸையும் சோற்றையும் இன்னும் கொஞ்சம் அடக்கி, அந்தத் திகதிக்கே எழுபத்து மூன்றோடு போயிருப்பேன். அவன் இப்படிக் கிடக்க வேண்டி வந்திருக்காது.

நாலாம் நாள் அவனுக்குக் கொஞ்சம் தெளிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எட்டிப் பார்க்காததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பதினாலு வருசம் ஒன்கிட்ட கழிச்சது பத்தாதுன்னு இப்பவும் கழிச்சிட்டாரா அந்தாளு" என்றான். சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கியதும், "வேணாம்னு விட்டுருவோமாக்கா. எனக்காக நீ எவ்வளவு நாளைக்குப் பட்டினி கெடப்ப" என்றான்.

அவன் அதை நிஜமாகத்தான் கேட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"யாருடா பட்டினி கெடக்குறா? மூணு வேளையும் திங்கிறேன். நீ வாய மூடிக்கிட்டு ஊசியப் போட்டுக்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன். கண்ணாடித் தராசைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நல்ல சமமான ஒரு பலகை போட்டு அதன் மேல் வைத்தேன். புருசன் நீர்மட்டம் வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தார். மடுவத்திலும் நிறுத்தேன். கணக்கப்பிள்ளை ஐயா சொல்லாமலே தராசை என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு தராசும் ஒரே நம்பர் காட்டின. படியைக் கூட்டவில்லை. கூட்டினால் முழங்கால் போகும், முழங்கால் போனால் மாதம் போகும் என்பது தெரியும். சோற்றில் இன்னும் ஒரு அகப்பையைக் குறைத்தேன், ஞாயிற்றுக்கிழமை லீவை மட்டும் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அவர் வீட்டில் பணிஸ் வாங்குகிறதையே நிறுத்தினார். மணம் சுவரைத் தாண்டி வருமாம்.

எழுதிய திகதியில் கொழும்பில் எழுபத்து மூன்றும் கொஞ்சமும் இருந்தேன். நம்பரை நானே குனிந்து வாசித்தேன். நர்ஸுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "இப்ப தராசு சரியா அக்கா?" என்று கேட்டார். சரி என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில் எங்கள் இரண்டு பேரையும் அறுத்தார்கள். எனக்கு வயிற்றின் இடது பக்கம் நெருப்பு வைத்தது போல் எரிந்தது. மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் பன்னிரண்டு அடி. நூற்றுப் பதினெட்டுப் படியை ஆறு தரம் ஏறியவளுக்கு அந்தப் பன்னிரண்டு அடிக்குப் பத்து நிமிடம் ஆனது. ஆனாலும் நடந்தேன். இருமும்போது வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொள்ளவும், பக்கவாட்டில் புரண்டு எழும்பவும் பழகினேன். ஐந்தாம் நாள் தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் தனியாகப் போய் வந்தேன். தம்பி வேறு மாடியில் இருந்தான். யாரையும் பார்க்க விடாத அறை. நல்லா இருக்கிறான் என்று நர்ஸ்மார் சொல்வார்கள். நல்லா இருக்கிறான் என்று எல்லாரையும் பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை.

மெஷினில் படுக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அவனுக்கு ஒண்ணுக்கு வருவது நின்றுவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் அவன் அதற்காகக் கக்கூசுக்குப் போனதேயில்லை. இப்போது குழாய் போட்டிருந்தார்கள், பையில் வடிந்துகொண்டிருந்தது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஐந்தாம் நாள் மத்தியானம் என் போன் அடித்தது.

"அக்கா, காலையில குழாய எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு ஒண்ணும் வரல. பயந்து போயிட்டேன். இப்ப வந்துச்சி. நானே நடந்து போயிட்டு வந்தேன்."

ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்ததுதான் மிச்சம். அந்தப் பக்கம் யாரோ சிங்களத்தில் அவனைக் கட்டிலில் உட்காரச் சொல்வது கேட்டது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டா. சொல்லு."

"போன வச்சிர்றேன். மறுபடியும் வருது."